சிம்பொனி கச்சேரியில் எப்போது கைதட்டுவது?

திருமலையிலிருந்து கொழும்புக்குச் சிம்பொனி இசைக்குழுவைக் கேட்கப் போகிறவர்களுக்கு, அதுவும் விருந்தினராக ஒரு வயலின் கலைஞர் தனித்து வாசிக்கும் நாளென்றால், முதல் குறிப்பு இது: பிந்திப் போகாதீர்கள். தனி வயலின் பகுதி பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே வந்துவிடும். வாசிப்பு நடக்கும்போது கதவு திறக்க மாட்டார்கள்.

அப்புறம் கைதட்டல். கோயில் கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்த உடனே 'ஆஹா' என்று தட்டிப் பழகியவர்கள் நாம். இங்கே அது சரிவராது. தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, கொன்செர்ட்டோ என்பார்கள், வழக்கமாக மூன்று பாகம். பாகங்களுக்கு நடுவே மண்டபம் அமைதியாகிவிடும், யாரோ இருமுவார்கள், அவ்வளவுதான். மூன்றாவதும் முடிந்து, முன்னே நின்று கையசைத்து இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநர் கையை இறக்கிச் சபையைப் பார்த்துத் திரும்பும்வரை பொறுங்கள். 1845இல் அரங்கேறிய, ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் வயலின் கொன்செர்ட்டோவில் இந்தக் குழப்பமே இல்லை. முதல் பாகம் முடிந்தும் ஒரு பசூன் குழல் மட்டும் சுரத்தை விடாமல் பிடித்து, அடுத்ததற்குள் இழுத்துப் போய்விடும்.

இருக்கை தெரிவு செய்யலாமென்றால் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் எடுங்கள். வயலின்காரர் நடத்துநரின் இடப்பக்கம் நின்றுதான் வாசிப்பார். நம்மவர்கள் போல் சம்மணமிட்டுக் காலில் வயலினைச் சாய்ப்பதில்லை. தாடையில் அணைத்துப் பிடிப்பதால் இடக்கை ஏறி இறங்குவது நன்றாகத் தெரியும். வயலின் படிக்கிற பிள்ளைகளை இங்கேதான் இருத்த வேண்டும்.

இடைவேளையோடு சுமார் இரண்டு மணித்தியாலம் எடுக்கும். இரவு ரயிலுக்கு ஆசனம் பதியும் முன் அதையும் கணக்கில் எடுங்கள்.