சான் ஹுவான் துறைமுகத்தில் இறங்கி நடப்போம்: கடற்கரைக்குப் போகாமல் ஒரு நாளைக் கழிக்கும் வழி

கரீபியன் கப்பல் பயணம் என்றாலே மணலும் குடையும் என்று ஆகிவிட்டது. கப்பலில் தரும் சுற்றுலாப் பட்டியலைப் பிரித்தால் பாதிக்கு மேல் கடற்கரை, மீதி படகுச் சவாரி. என் அம்மாவுக்கு நீச்சல் தெரியாது, எனக்கு வெயிலில் படுத்துக் கிடக்கப் பிடிக்காது. அதனால் நாங்கள் இருவரும் ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி நடந்தோம். அப்படி நடக்க மிகவும் ஏற்றது போர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவான். கப்பல் நிற்கிற இடமே பழைய ஊரின் காலடி. பேருந்து, வழிகாட்டி எதுவும் வேண்டாம். முதல் முறை போகிறவர்களுக்காக நாங்கள் நடந்த வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கப்பலிலேயே மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்

முதலில், கப்பல் எந்தத் துறையில் நிற்கப்போகிறது என்று கேளுங்கள். பழைய ஊரை ஒட்டிய துறைகளில் நின்றால் இறங்கியதும் நடக்கலாம். பான் அமெரிக்கன் துறை என்று சொன்னால் அது தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் வர டாக்ஸி பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போர்ட்டோ ரிக்கோ கடிகாரத்தை ஆண்டு முழுவதும் மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் அமெரிக்காவின் மயாமி நகரைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், கோடையில் இரண்டும் ஒன்றாக இருக்கும். கப்பலின் நேரம் ஊர் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் செல்போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், ஆனால் கப்பல் தன் நேரப்படிதான் கிளம்பும். அதனால் கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டி, அதில் கப்பல் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சான் ஹுவானுக்குப் பல கப்பல்கள் மதியம் வந்து இரவில் கிளம்புகின்றன. கோட்டைகளையோ மாலை நான்கரைக்கே மூடிவிடுகிறார்கள். உங்கள் கப்பல் மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு வருகிறது என்றால், நான் கீழே சொல்லும் வழியில் நிதானமாகப் போகாதீர்கள். நேராக எல் மோரோ கோட்டைக்குப் போய்விட்டு, மற்றவற்றை மாலையில் பாருங்கள். தெருக்களுக்குக் கதவு கிடையாது, கோட்டைக்கு உண்டு.

மூன்றாவது, தாள்கள். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப் பகுதி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். செலவுக்கு டாலர்தான், வேறு பணம் மாற்ற வேண்டியதில்லை. கப்பல் அட்டையும் படம் உள்ள ஓர் அடையாள அட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள், திரும்பி வரும்போது வாசலில் கேட்பார்கள்.

படி 2: ஊரின் சரிவைப் புரிந்துகொள்ளுங்கள்

வரைபடம் பார்க்கத் தெரியாதவர்கள்கூட இங்கே வழி தவற மாட்டார்கள். பழைய சான் ஹுவான் ஒரு சிறு தீவு. தெற்கே துறைமுகம், வடக்கே அட்லாண்டிக் பெருங்கடல். துறைமுகத்திலிருந்து வடக்கே போகப்போக மேடு. வடமேற்கு மூலையில் எல் மோரோ கோட்டை, வடகிழக்கில் சான் கிறிஸ்டோபல் கோட்டை. ஏறினால் கடலும் கோட்டையும், இறங்கினால் கப்பல். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான், நாள் முழுவதும் அவரே வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

செருப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய தெருக்கள் பலவற்றில் நீலம் கலந்த சாம்பல் நிறக் கற்கள் பாவியிருக்கும். இவை மலையில் வெட்டிய கற்கள் இல்லை, இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கசடிலிருந்து வார்த்தவை. அடோக்கின் என்பது இங்குள்ள பெயர். மழை பெய்து நனைந்தால் நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அப்போதுதான் வழுக்கவும் செய்யும். அடிப்பாகம் பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கப்பலுக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் திரும்புங்கள்

எல்லோரும் நேரே மேட்டில் ஏறி நகைக்கடைகளுக்குள் போவார்கள். நீங்கள் இடப்பக்கம், அதாவது மேற்கே நடங்கள். சில நிமிடங்களில் பசேயோ டெ லா பிரின்சேசா என்ற நடைபாதை வரும். 1853இல் அமைத்தது. இருபுறமும் மரங்கள், வலப்பக்கம் கோட்டை மதில். வழியில் வரும் சாம்பல் நிறக் கட்டடம் 1837இல் கட்டிய சிறைச்சாலை. நடைபாதையின் முடிவில் கடலைப் பார்த்தபடி வெண்கலச் சிலைகள் நிறைந்த ஒரு நீரூற்று இருக்கும்.

அங்கிருந்து மதிலின் அடியிலேயே, கடல் இடப்பக்கம் இருக்க, நடந்துகொண்டே இருங்கள். மதிலைத் தலையைத் தூக்கிப் பார்த்தால்தான் அதன் உயரம் புரியும். சற்று நேரத்தில் செந்நிறத்தில் ஒரு பெரிய வாசல் வரும். அதுதான் சான் ஹுவான் வாசல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாசலுக்குள் நுழையாமல் கடலோரப் பாதையிலேயே போனால் எல் மோரோ கோட்டையின் அடிக்குப் போய்ச் சேரலாம். நாங்கள் அப்படித்தான் போனோம், கோட்டை பக்கத்தில் தெரிந்ததால் வழியும் இருக்கும் என்று நம்பி. வழி கிடையாது. பாதை பாறையில் முடிகிறது, மேலே ஏற முடியாது, வந்த வழியே திரும்ப வேண்டும். வெயிலில் அம்மா களைத்துப்போனார். நேரம் நிறைய இருந்தால் அந்தப் பாதையும் அருமையானதுதான், மதில் ஓரத்தில் பூனைகள் கூட்டமாக வெயில் காயும். நேரம் குறைவென்றால் வாசலுக்குள் போய்விடுங்கள்.

படி 4: வாசலிலிருந்து எல் மோரோ வரை

அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஆளுநர்களும் கிறித்தவ ஆயர்களும் இந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் வந்தார்கள். ஆண்டவரின் பெயரால் வருகிறவர் வாழ்த்தப்பெறுக என்று வாசலின் மேல் லத்தீனில் பொறித்திருக்கிறது. உள்ளே நுழைந்து நேரே மேட்டில் ஏறினால் பேராலயம். கடல் பயணம் பிழைத்து வந்தவர்கள் நேராக அங்கே போய் நன்றி சொன்னார்கள். கடலில் வந்திறங்கி அதே சரிவில் ஏறும்போது எனக்கு அது வெறும் தகவலாகப் படவில்லை.

பேராலயத்துக்குள் ஹுவான் போன்ஸ் டெ லியோனின் கல்லறை இருக்கிறது. இந்தத் தீவின் முதல் ஸ்பானிய ஆளுநர் அவர். அவர் குடும்பத்துக்காக 1521இல் எழுந்த காசா பிளாங்கா என்ற வீடும் அருகில்தான். ஆனால் அதே ஆண்டு ஃபுளோரிடாவில் காயம்பட்டு கியூபாவில் இறந்துபோனதால் அவர் அந்த வீட்டில் வாழவே இல்லை. இன்னொரு வியப்பு: முதலில் தீவுக்குத்தான் சான் ஹுவான் என்று பெயர், ஊருக்குப் போர்ட்டோ ரிக்கோ, அதாவது வளமான துறைமுகம். காலப்போக்கில் இரண்டும் இடம் மாறிவிட்டன.

வாசலுக்கு உள்ளே மதிலோரமாகச் சிறிது வடக்கே போனால் ஒரு சின்னத் திடலில் தீப்பந்தம் ஏந்திய பெண்களும் ஓர் ஆயரும் இருக்கும் சிலை. 1797இல் ஆங்கிலேயப் படை ஊரை முற்றுகையிட்டிருந்தது. ஆயரும் பெண்களும் இரவில் பந்தம் ஏந்தி வேண்டுதல் ஊர்வலம் போக, அதைத் துணைப்படை என்று எண்ணி எதிரிகள் விலகினார்கள் என்பது ஊர்க்கதை. கொஞ்ச நேரம் அங்கே உட்காருங்கள். காற்று நன்றாக வரும்.

அடுத்து எல் மோரோ. கோட்டைக்கு முன்னால் விரிந்த புல்வெளி, ஒரு மரம்கூட இல்லை. தரைவழியாக வரும் எதிரி ஒளிய இடம் இருக்கக் கூடாது என்பதால் திறந்தவெளியாக வைத்தார்கள். இன்று அங்கே குடும்பம் குடும்பமாகப் பட்டம் விடுகிறார்கள். தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் இந்தப் புல்வெளியைக் கடக்க வேண்டாம்.

நுழைவுச்சீட்டு ஒருவருக்கு 10 டாலர், 15 வயது வரை இலவசம். அதே சீட்டு சான் கிறிஸ்டோபலுக்கும் செல்லும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கழிப்பறை உண்டு. பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஊருக்குள் பொதுக் கழிப்பறை தேடி அலைவது சிரமம்.

கோட்டை வேலை 1539இல் தொடங்கியது. ஆறு தளங்கள், சரிவும் படிகளுமாகக் கீழே இறங்கும். முட்டி வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் முக்கியமானதைப் பார்த்துவிடலாம்: துறைமுகத்தின் வாய். எவ்வளவு குறுகலாக இருக்கிறது பாருங்கள். 1595இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஃபிரான்சிஸ் டிரேக் கடல்வழியாக வந்து இங்கேதான் அடிபட்டுத் திரும்பினார்.

படி 5: ஒரு கோட்டை போதாது என்று எப்படிக் கண்டார்கள்?

இரண்டு கோட்டையும் ஒன்றுதானே, ஒன்றைப் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள் என்பேன். காரணம் இதுதான். டிரேக் போன மூன்றாவது ஆண்டில், 1598இல், இங்கிலாந்தின் கம்பர்லண்டு பிரபு தன் படையைக் கிழக்கே இறக்கித் தரைவழியாக வந்து எல் மோரோவையே பிடித்துவிட்டார். அவரை விரட்டியது பீரங்கி இல்லை, அவர் படையில் பரவிய வயிற்றுக்கடுப்பு நோய். 1625இல் டச்சுக்காரர்கள் ஊருக்குள் புகுந்தார்கள், கோட்டையைப் பிடிக்க முடியாமல் ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். கடலைப் பார்த்த கோட்டை முதுகைக் காக்காது என்று அப்போது புரிந்தது. 1630களில் ஊரைச் சுற்றி மதில் எழத் தொடங்கியது. தரைவழியை மறிக்க எழுந்ததுதான் சான் கிறிஸ்டோபல். புது உலகில் ஸ்பெயின் கட்டிய கோட்டைகளில் இதுவே மிகப் பெரியது. 1797இல் வந்த ஆங்கிலேயர் தரைவழியாகவே வந்தும் உள்ளே நுழைய முடியவில்லை.

எல் மோரோவிலிருந்து வெளியே வந்து கடல் இடப்பக்கம் இருக்கும்படி நார்சாகராய் தெருவில் கிழக்கே நடங்கள். சான் கிறிஸ்டோபல் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். கிளம்பும் முன் புல்வெளியின் ஓரத்திலிருந்து கீழே பாருங்கள். மதிலுக்கும் அலைக்கும் இடையே வெள்ளைப் பளிங்குக் கல்லறைகள் தெரியும். தீவின் விடுதலைக்குப் போராடிய பெட்ரோ அல்பிசு காம்போஸ் அங்கேதான் உறங்குகிறார். அதற்கு அப்பால் கடலை ஒட்டி வண்ண வீடுகளாகத் தெரிவது லா பெர்லா குடியிருப்பு. அது மக்கள் வாழும் இடம், வீட்டு வாசல்களுக்கு முன் நின்று படம் எடுக்கப் போகாதீர்கள்.

சான் கிறிஸ்டோபலில் மூன்றைத் தேடிப் பாருங்கள். நடு முற்றம் மழைநீரை வாங்கி அடியில் உள்ள ஐந்து பெரிய தொட்டிகளுக்கு அனுப்பும். முற்றுகையில் அடைபட்டால் இந்தத் தண்ணீர்தான் உயிர். அடுத்து, நிலவறையில் கைதி ஒருவர் சுவரில் வரைந்த பாய்மரக் கப்பல்கள். அந்த இருட்டில் நின்று பார்த்தபோது அம்மா வெகுநேரம் பேசவே இல்லை. மூன்றாவது, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தனிக் காவல் கூண்டு. இரவில் அங்கே நின்ற காவலர்கள் காணாமல் போனார்கள் என்பதால் பேய்க் கூண்டு என்று பெயர். காதலியோடு ஓடிப்போன ஒரு வீரனின் கதைதான் அது என்று சொல்பவர்களும் உண்டு.

படி 6: சாப்பாடு

சான் கிறிஸ்டோபலிலிருந்து கீழே இறங்கினால் கொலோன் சதுக்கம். அங்கிருந்து எந்தத் தெருவில் நுழைந்தாலும் உணவகம் கிடைக்கும். மொஃபோங்கோ என்பது வாழைக்காயை வறுத்து, பூண்டு சேர்த்து உரலில் இடித்துச் செய்வது. வாழைக்காய் தெரிந்த நமக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆனால் வழக்கமாக அதில் பன்றித்தோல் வறுவல் சேர்ப்பார்கள். அர்ரோஸ் கொன் கந்தூலெஸ் என்று ஒரு சோறு இருக்கும். அந்தக் கந்தூலெஸ் வேறெதுவும் இல்லை, நம் துவரைதான். இந்தியாவில் பிறந்த பயிர் ஆப்பிரிக்கா வழியாக இங்கே வந்து விருந்துச் சோறாகிவிட்டது. இங்கே பருப்பாக உடைக்காமல் முழுசாகவே போடுகிறார்கள். அம்மா ஒரு வாய் எடுத்ததும், பச்சைத் துவரை வாசனை என்றார்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது, சோற்றிலும் பயறிலும் பன்றி இறைச்சி கலந்திருக்கலாம். "சின் கார்னே, சின் ஹாமோன், சின் செர்தோ" என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் தோஸ்தோனெஸ், அதாவது தட்டி இரண்டு முறை பொரித்த வாழைக்காய், இருக்கவே இருக்கிறது. தெருவோரம் சீவிய பனிக்கட்டியில் பழச்சாறு ஊற்றித் தருவார்கள், அதற்குப் பிராகுவா என்று பெயர். நடந்த களைப்புக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

படி 7: திரும்புதல்

மொத்தம் ஐந்து கிலோமீட்டர்போல நடந்திருப்பீர்கள். கொலோன் சதுக்கத்திலிருந்து இறக்கத்தில் நடந்தால் துறைமுகம் பத்து நிமிடம்தான். கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள், கடைசி நேரத்தில் வரிசை நீளும்.

அப்புறம், கப்பலில் ஏறியதும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். மேல்தளத்துக்குப் போய், கப்பல் போகும் திசையைப் பார்த்து வலப்பக்கம் நில்லுங்கள். விரிகுடாவை விட்டு வெளியேற அந்தக் குறுகிய வாய் ஒன்றுதான் வழி. எல் மோரோ அந்தப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரம் என்று தோன்றும் அளவுக்கு நெருங்கி வரும். மதியம் நீங்கள் நின்ற மேல்தளத்தை அப்போது கீழிருந்து பார்ப்பீர்கள்.