வார்சா அரண்மனையில் பழைய கல்லைத் தேடுவது எப்படி

போலந்துத் தலைநகர் வார்சாவின் அரண்மனைக்கு முதல் முறை போனபோது டிக்கெட் வாங்கி நேராக உள்ளே போய்விட்டேன். தங்க முலாம், பளிங்கு, சரவிளக்கு என்று எல்லாம் பளபளத்தன. கூட வந்த அத்தை பத்தே நிமிடத்தில் கேட்டுவிட்டார்: "இதெல்லாம் புதுசாக் கட்டினதுதானே?" பாதி சரி. 1944இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தரைமட்டமாக்கிய கட்டடம் இது. மறுபடி கட்டும் முடிவே 1971இல்தான் வந்தது. மக்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வழி.

காலை பதினொன்றுக்கே கோட்டைச் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். 60 மீட்டர் உயரக் கோபுரத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். 1939 செப்டம்பர் 17 அன்று குண்டுவீச்சில் கூரை எரிந்தபோது அது 11:15க்கு நின்றது. 1974இல் அதே 11:15க்கு மறுபடி ஓடவிட்டார்கள். தினமும் அந்த நேரத்துக்குக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

முற்றத்தில் நின்று மூலைகளை எண்ணுங்கள், ஐந்து வரும். போலந்து மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் அரசவையை கிராகோவிலிருந்து இங்கே கொண்டுவந்த காலத்தில், 1598 முதல் 1619 வரை, இத்தாலியக் கலைஞர்கள் பழைய மசோவியக் கோமகன்களின் கோட்டையையும் வளைத்துப்போட்டுக் கட்டியது. இந்தப் பக்கம் எல்லாமே எளிமையாக இருக்கும். ஆடம்பரம் வேண்டுமென்றால் அப்புறம் விஸ்துலா ஆற்றுப் பக்கம் சுற்றிப்போங்கள். 1740களின் பரோக் முகப்பு அங்கே இருக்கிறது.

இப்போது கற்கள். கட்டடம் விழுவதற்கு முன்பே அருங்காட்சியகத்தாரும் தொழிலாளர்களும் கதவு, மரப்பலகை, சிற்பத் துண்டு, ஓவியம் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துப்போய் ஒளித்துவைத்தார்கள். பிறகு பலவற்றைப் பழைய இடத்திலேயே பொருத்தினார்கள். அதனால் கதவு நிலையையும் ஜன்னல் ஓரத்தையும் மூக்கு படும் தூரத்தில் பாருங்கள். செதுக்கு வேலை முழுக்க ஒரே நிறம், ஒரே கூர்மை என்றால் அது பெரும்பாலும் புதிது. நடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்து, விளிம்பு மழுங்கியிருந்தால் நின்று பாருங்கள். தொடாதீர்கள், காவலர் ஓடி வருவார்.

செனட் மண்டபத்தில் 1791 மே 3 அன்று போலந்தின் அரசியல் சாசனம் நிறைவேறியது. அரண்மனையில் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் ஓவியங்கள் இரண்டு உண்டு, கூட்டமும் அவற்றின் முன்தான். நேரம் குறைவென்றால் மண்டபத்தையும் இந்த ஓவியங்களையும் சீக்கிரம் முடித்துக்கொண்டு கானலெட்டோ அறைக்குப் போங்கள். வெனிஸ் ஓவியர் கானலெட்டோவின் மருமகன் பெல்லோட்டோ, மாமன் பெயரையே தானும் வைத்துக்கொண்டு, மன்னர் ஸ்தனிஸ்லாவ் அகஸ்டுக்காக வரைந்த 22 வார்சா காட்சிகள் அங்கே இருக்கின்றன. அவரும் சில இடங்களில் உள்ளதைக் கொஞ்சம் அழகாக்கியவர்தான். ஆனாலும் போருக்குப் பின் பழைய தெருக்களை மீட்டுக் கட்டியவர்கள் இந்தப் படங்களையும் பார்த்தே வேலை செய்தார்கள். 1770இல் விஸ்துலாவின் எதிர்க்கரையான பிராகாவிலிருந்து வரைந்த படத்தைத் தேடுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் இதே அரண்மனை தெரியும்.

அத்தை அந்தப் படத்தின் முன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நாம இதுல எந்த ஜன்னல்ல நிக்கிறோம்?" என்றார்.