மனம் வரும் வரை காத்திருக்காமல் இலக்கைத் தொடர்வது எப்படி

சிங்களம் படிப்பது, நீரிழிவு வருமுன் உடம்பைக் குறைப்பது, விட்டுப்போன உயர்தரப் பாடத்தை மீண்டும் எடுப்பது. திருகோணமலையில் எந்த வீட்டில் கேட்டாலும் இப்படி ஒன்று பாதியில் கிடக்கும். "எனக்கு மனவுறுதி காணாது" என்பார்கள். அநேகமாகப் பிழை ஆளிடம் இல்லை, இலக்கை வைத்த விதத்தில்தான் இருக்கிறது.

முதலில் இலக்கைக் கொப்பியில் எழுதுங்கள். இரவு படுக்கப்போகும்போது "இன்று செய்தேனா?" என்ற கேள்விக்கு ஓம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வரவேண்டும். "இந்த வருடம் சிங்களம் படிக்க வேண்டும்" என்பதற்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. "ஞாயிறு தவிர நாளுக்கு 5 சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம்" என்றால் முடியும். கிழமைக்கு 30 சொல், 12 கிழமையில் 360. கச்சேரியில் ஒரு படிவத்தைப் பற்றி விசாரிக்கவும் பஸ்ஸில் பக்கத்திலிருப்பவரோடு நாலு வார்த்தை பேசவும் அது நல்ல தொடக்கம். 12 கிழமைக்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஒரு வருடம் இருக்கிறது என்று தெரிந்தால் மனம் நாளைக்குத் தள்ளிக்கொண்டே போகும்.

அடுத்தது தடை. பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வென்றபின் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தால் ஊக்கம் வரும் என்பார்கள். உளவியலாளர் கப்ரியேல எட்டிங்கனின் ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன: இனிய கற்பனையோடு நின்றவர்கள் குறைவாகவே முயன்றார்கள். கிடைத்துவிட்டதுபோல் மனம் ஆறிப்போகிறது. ஆகவே விரும்பிய முடிவை ஒரு நிமிடம் நினையுங்கள், உடனே உங்களைத் தடுக்கப்போவது எது என்று உண்மையாக எழுதுங்கள். வேலையால் வந்து கதிரையில் சாய்ந்ததும் கை போனைத் தேடுகிறதா? அதையே எழுதுங்கள்.

பின்பு ஒவ்வொரு தடைக்கும் "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி. பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த முறை இது. நேரமும் இடமும் முன்பே தீர்ந்துவிடுவதால், அந்தக் கணத்தில் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. "பின்னேரத் தேத்தண்ணி குடித்து முடிந்தால், கோப்பையைக் கழுவ முன் கொப்பியைத் திறப்பேன்" என்பது நல்ல வரி. "நேரம் கிடைத்தால் படிப்பேன்" என்பது உதவாது, ஏனென்றால் நேரம் தானாகக் கிடைப்பதில்லை.

நடைப்பயிற்சிதான் இலக்கு என்றால் இந்த ஊரின் காலநிலைக்கு இரண்டு அட்டவணை வேண்டும். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் எட்டு மணிக்கே வெயில் சுடும். விடிய 5.30க்கு டச் பே கடற்கரையிலோ, கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டைப் பாதையிலோ நடந்துவிட வேண்டும். முதல் நாள் இரவே சப்பாத்தை வாசலில் வையுங்கள். மழையில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. புத்தாண்டுச் சபதத்தோடு ஜனவரி முதலாம் தேதி தொடங்குபவர்கள் அந்த மாரியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். "5.30க்கு மழை பெய்தால், விறாந்தையில் 15 நிமிடம் நடப்பேன்" என்ற வரியை ஒக்டோபருக்கு முன்பே எழுதி வையுங்கள்.

காய்ச்சல், செத்தவீடு, இரவு முழுக்க மின்வெட்டு என்று எல்லாம் குழம்பும் நாட்களும் வரும். அவற்றுக்கு ஒரு குறைந்த அளவு வேண்டும்: 5 சொல்லுக்குப் பதில் 1 சொல், அரை மணி நேர நடைக்குப் பதில் 5 நிமிடம். தொடர்ச்சி அறாமல் இருக்கத்தான் இது. ஆனால் கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் குறைந்த அளவோடு நிறுத்துகிறீர்கள் என்றால் வழமையான அளவு உங்களுக்குக் கூடிப்போய்விட்டது. 5 சொல்லை 3 ஆக்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சை நம்பி, 22ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டவர்கள் ஏராளம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 கிழமை கவனித்த ஆய்வொன்றில், ஒரு செயல் தானாக வருவதற்கு நடுவளவாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் அது 18 இலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது (12 கிழமைக்கு மேற்பட்ட நாட்கள் கணக்கிட்டுப் பெற்ற மதிப்பீடு). இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. சுவர்க் கலண்டரில் செய்த நாளுக்குப் பேனையால் ஒரு கோடு போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் வெறுமையாக இருந்தால் மூன்றாம் நாள் குறைந்த அளவையாவது செய்தே ஆகவேண்டும்.

பேஸ்புக்கில் அறிவிக்க வேண்டாம். பாராட்டு வந்து குவிந்ததும் பாதி வேலை முடிந்ததுபோல் தோன்றும். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். தங்கச்சியோ, உடன் வேலை செய்பவரோ, ஞாயிறு பின்னேரம் "இந்தக் கிழமை எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டால் போதும். காரணம் கேட்கவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம்.

நாலாம் கிழமை முடிவில் கோடுகளை எண்ணுங்கள். கிழமைக்கு நாலு நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும், ஆனால் ஒரே தடவையில் ஒன்றை மட்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு இடத்தை. வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் ஓயவில்லை என்றால், வேலை முடிந்து வரும் வழியிலேயே பொது நூலகத்தில் இருந்து அந்த 5 சொல்லையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.