பத்து சென்ட் காய்கறித் தோட்டம், இரண்டு தேன் பெட்டி: ஆடி மாசத்தைத் தாண்டுவது எப்படி

முதல் வருஷம் என் தேனீக்கள் ஆடிப் பதினெட்டு அன்று ஓடிப்போயின. ஊரே பவானி கூடுதுறைக்கும் கொடுமுடிக்கும் கிளம்பிக்கொண்டிருக்க, நான் காலிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வருஷம் ஆனி முடிவதற்குள்ளேயே போய்விட்டன. மூன்றாவது வருஷம்தான் தங்கின. இப்போது ஐந்தாவது வருஷம் நடக்கிறது.

ராணி எது, ஆண் ஈ எது, அடை கட்டுகிற மரச்சட்டத்தை எப்படித் தூக்குவது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி தருகிறார்கள், ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கொட்டு வாங்கிய பிறகு போவதைவிட முன்னால் போவது நல்லது. அங்கே கேட்டும் என் மண்டையில் ஏறாத விஷயம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் தேனீ தங்குமா தங்காதா என்பது தேன் எடுக்கும் சித்திரையில் முடிவாவதில்லை, ஆடியில் முடிவாகிறது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

என் இடம் ஊத்துக்குளிப் பக்கம், மாமா தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பத்து சென்ட். 4,356 சதுர அடி. செம்மண், கிணற்றுத் தண்ணீர், மூன்று பக்கம் கிளுவை வேலி. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமையும் சில நாள் விடியற்காலையும்தான் தோட்டத்துக்குக் கிடைக்கும். முழுநேரம் தோட்டத்திலேயே இருப்பவர்கள் இதைவிட நன்றாகவே செய்யலாம்.

படி 1: பெட்டிக்கு முன்னால் விதை

தையில் பெட்டி வாங்கலாம். ஆனால் அந்த வருஷம் சித்திரைக் கடைசியில் எதை விதைக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு பண்ணிவிடுங்கள். மாசியிலிருந்து சித்திரை வரை தேனீக்கு நாம் ஒன்றும் போட வேண்டியதில்லை. முருங்கை, வேம்பு, புங்கன், அப்புறம் ரோட்டோரப் புளியமரம் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். நம் பத்து சென்ட் உதவ வேண்டியது பூ இல்லாத மாசங்களில்.

நான் போடுவது இவ்வளவுதான். எள் இரண்டு பாத்தி, பதினைந்து நாள் இடைவெளி விட்டு. ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டிவிடும். சூரியகாந்தி ஒரு வரிசை, அது பூக்க இரண்டு மாசம் ஆகும். கொத்தமல்லியில் பாதியைப் பறிக்காமல் விடுவேன், வெயிலுக்குத் தானே பூத்துவிடும். "பூக்க உட்டா எவன் மாப்ளே வாங்குவான்?" என்று மாமா கேட்டார். விற்கவா போட்டேன்? வேலியில் கொடிரோஸ், வாய்க்கால் ஓரத்தில் துளசி. இவை இரண்டும் ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூக்கும்.

காய்க்கு ஆடிப்பட்டத்தில் பரங்கியும் வெண்டையும் போடுங்கள். பரங்கி பற்றி ஒரு வார்த்தை. முதல் ஒரு வாரம், பத்து நாளைக்கு வருவதெல்லாம் ஆண் பூதான். "பூ வருது, பிஞ்சே இல்லை" என்று உரத்தைக் கொட்ட வேண்டாம். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ. பொழுது விடியும்போது விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். என் அம்மாயி அந்த நேரத்தில் ஆண் பூவைக் கிள்ளி வந்து பெண் பூவில் தேய்ப்பார். பெட்டி வந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார்.

படி 2: பெட்டி

இங்கே வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீதான், பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காகக் கூடு கட்டுவது. அதற்கு நியூட்டன் பெட்டியும் உண்டு, மார்த்தாண்டம் பெட்டியும் உண்டு. எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் இரண்டில் ஒரே ரகத்தை மட்டும் வாங்குங்கள். நான் ஒவ்வொன்றிலும் ஒன்று வாங்கினேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. சட்டங்களின் அளவு வேறு, ஒன்றில் இருப்பது மற்றதில் உட்காராது. அதனால் என்ன நஷ்டம் என்பது ஆடிக் கதையில் வரும். ஒரே ஒரு பெட்டியோடு ஆரம்பிப்பதும் வேண்டாம், குறைந்தது இரண்டு.

புகைப்பானில் வாங்கிய எரிபொருள் எதுவும் தேவையில்லை, காய்ந்த தேங்காய் நார் போதும். முகவலை கட்டாயம். கையுறை எனக்குப் பிடிக்காது. தடித்த கையுறையோடு சட்டத்தைப் பிடித்தால் ஈ நசுங்கும், நசுங்கினால் அந்த வாசனைக்கு மற்றவையும் கொட்ட வரும். கொட்டினால் கொடுக்கை விரலால் பிடித்து இழுக்காமல் நகத்தால் சுரண்டி எடுங்கள். கொட்டுப் பட்டு மூச்சு முட்டினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ நேராக ஆஸ்பத்திரிதான், சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காரக் கூடாது.

படி 3: கால், எறும்பு, காற்று

பெட்டியை நிறுத்தும் இரும்புக் காலின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும், எறும்புக்காக. கிண்ணம் வைத்தும் எறும்பு ஏறியது. குனிந்து பார்த்தால் ஒரே ஒரு கொழுக்கட்டைப்புல் சாய்ந்து பாலம் போட்டிருந்தது. சுற்றிலும் இரண்டு அடிக்குப் புல்லைச் செதுக்கிவிடுங்கள். தண்ணீர் வாரம் ஒருமுறை வற்றும், நான் அதில் கொஞ்சம் பழைய என்ஜின் ஆயிலும் ஊற்றிவிடுகிறேன்.

வாசல் கிழக்கே பார்க்கட்டும். காலை வெயில் படும் என்பது ஒரு காரணம். நம் ஊருக்கே உரிய காரணம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று. பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிற அதே காற்றுதான் மேற்கே பார்த்த பெட்டி வாசலிலும் அடிக்கும். மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தடுப்பு ஒன்று வைகாசியிலேயே கட்டிவிடுங்கள்.

படி 4: குடி வைப்பது

பொழுதோட கொண்டுவந்து வைத்து, இருட்டின பிறகு வாசலைத் திறங்கள். முதல் ஒரு வாரம் திறந்து பார்க்கக் கூடாது. அவ்வளவுதான்.

படி 5: வாராந்திரப் பார்வை

எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறை, காற்றில்லாத வெயில் காலையில். புதுசாக வருகிறவர்கள் ராணியைத் தேடியே அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து போட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ராணியைப் பார்க்க வேண்டாம், முட்டையைப் பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, சட்டத்தைச் சற்றுச் சாய்த்தால் அடையின் குட்டி அறை ஒன்றின் அடியில் வெள்ளை நூலைக் கத்தரித்துக் குத்தி வைத்ததுபோல் ஒன்று நிற்கும். அது நின்றால், மூன்று நாளுக்குள் அங்கே ராணி முட்டை வைத்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியை மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அடிப்பலகையில் விழுந்த மெழுகுத் தூளை ஒவ்வொரு முறையும் துடைத்துவிடுங்கள். மெழுகு அந்துப்பூச்சி அங்கேதான் ஆரம்பிக்கும்.

மாசி வாக்கில் அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைக் காய் மாதிரி ஒன்று தொங்கினால் அது ராணி அறை. கூட்டம் பிரியப் போகிறது. அறை மூடும் முன் பெட்டியை இரண்டாகப் பிரித்துவிடலாம், அல்லது அறையை வெட்டிவிடலாம். முதல் வருஷம் மட்டும் வெட்டிவிடுங்கள், போதும்.

படி 6: தேன்

முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடியிருந்தால் எடுக்கலாம். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துவிடும். வடிகட்ட நைலான் துணிதான் சரி. கம்பெனியில் கிடைத்த பனியன் துணியில் வடிகட்டினேன், தேனுக்குள் பஞ்சு மிதந்தது. ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம். சித்திரை கடைசிக்கு மேல் எடுக்காதீர்கள், மிச்சம் அதன் ஆடிச் செலவுக்கு. போன வருஷம் இரண்டு பெட்டியிலும் சேர்த்து எனக்கு ஆறு கிலோ சொச்சம்.

படி 7: ஆடி

இப்போது கதைக்கு வருவோம். ஆனி பிறந்ததும் மரத்தில் பூ குறையும், காற்று கூடும், காற்றில் பறந்து போய் வருகிற ஈயும் குறையும். வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வருகிற ஈ ஒன்றிரண்டுதான் என்றால், அன்று சாயங்காலமே சர்க்கரைக் கரைசல் வையுங்கள்.

இங்கேதான் முதல் வருஷம் வழுக்கினேன். வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டோம், அதைப் போய்த் தேனீக்குக் கொடுப்பதா? கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து வைத்தேன். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சரக்கு. நான்காம் நாள் பெட்டியின் முன்பக்கமெல்லாம் பழுப்புக் கோடுகள். வயிற்றுப்போக்கு. சுத்திகரிக்காத சர்க்கரையிலும் வெல்லத்திலும் இருக்கிற தாது உப்பெல்லாம் நமக்கு நல்லது, தேனீயின் குடலுக்கு ஆகாது. தேனீக்கு வெள்ளைச் சர்க்கரைதான். என் கொள்கையை அதன் வயிற்றில் திணித்ததுதான் தப்பு.

போதாததற்கு அதைப் பட்டப்பகலில், பெட்டிக்கு வெளியே தட்டில் வைத்தேன். வாசனைக்கு எங்கிருந்தோ வந்த வேறு கூட்டத்து ஈக்கள் தட்டைக் காலி செய்துவிட்டுப் பெட்டிக்குள்ளும் நுழைந்தன. வாசலில் கட்டிப் புரண்டு சண்டை. சிந்தினதற்கு எறும்பு. இரண்டு வாரத்தில் பெட்டி காலி. "போயிருச்சாட்டருக்குது" என்றார் மாமா, வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது செய்வது: ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சர்க்கரையைப் போட்டுக் கலக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சக் கூடாது, அடிப்பிடித்துக் கருகினால் அதுவும் வயிற்றுக்கு ஆகாது. பெட்டியின் மேல்தட்டில் இருக்கும் தேன் சட்டங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கொட்டாங்குச்சியை வைத்து, அதில் கரைசலை ஊற்றி, மேலே நாலைந்து சுள்ளியைப் போடுங்கள். சுள்ளி இல்லாவிட்டால் ஈ மூழ்கிச் சாகும். கடையில் பிளாஸ்டிக் புகட்டி விற்கிறார்கள், வாங்கினேன், கொட்டாங்குச்சியே மேல். ஒரு பெட்டிக்கு 200 மில்லி, இருட்டின பிறகு, இரண்டு பெட்டிக்கும் ஒரே நாளில். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதற்கு விட்டால் திருட்டு ஆரம்பித்துவிடும். வாசலை இரண்டு ஈ போகிற அளவுக்குக் குறுக்கிவிடுங்கள். வாரம் இரண்டு தடவை போதும்.

இரண்டாவது வருஷம் கரைசலெல்லாம் சரியாகவே வைத்தேன், ஆனால் ஆரம்பித்தது தாமதம். பெட்டியைத் திறந்தபோது முட்டை இல்லை, புழு இல்லை, மூடிய அறைகள் மட்டும் கொஞ்சம். ராணியே செத்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அது மூட்டை கட்டுகிற அடையாளம். இந்தியத் தேனீ கிளம்ப முடிவு செய்தால் ராணி முட்டை வைப்பதை நிறுத்திவிடும். மிச்சக் குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்ததும், இருக்கிற தேனைக் குடித்துவிட்டு எல்லாமாகக் கிளம்பும். அந்த நேரத்தில் இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள சட்டம் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும், வளர்க்கக் குழந்தை இருக்கும்போது அவை சுலபத்தில் போவதில்லை. என் இன்னொரு பெட்டியில் அப்படிச் சட்டம் இருந்தது. ஆனால் அது மார்த்தாண்டம், இது நியூட்டன்! சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித் திருப்பிப் பார்த்தும் உட்காரவில்லை. அடையை வெட்டி வாழைநாரில் கட்டி வைத்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை. ஓடாமல் இருந்த அந்தப் பெட்டியும் துணைக்கு ஆள் இல்லாமல் பத்து நாளில் போனது.

படி 8: ஐப்பசி மழை

பெட்டியை முன்பக்கம் ஒரு விரற்கடை சாய்த்து வையுங்கள், உள்ளே தண்ணீர் தங்காது. மேல்மூடிக்கு மேல் ஒரு தகரம். ஈ மொய்க்காத அடைகளை எடுத்துவிடுங்கள், அந்துப்பூச்சிக்குத் தேவை அதுதான். அடைமழை மூன்று நாள் நீடித்தால் மறுபடி கரைசல். மூடிய அறைக்குள் புழு நீர் கோத்த பை மாதிரி செத்துக் கிடந்தால் அது தாய்லாந்து சாக்குப் புழு நோய் (Thai sacbrood). 1991-92இல் தென்னிந்தியப் பெட்டிகளைத் துடைத்துப் போட்டது அதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தை மட்டும் அடுத்ததற்கு மாற்றிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை

பக்கத்துக் காட்டில் மருந்து அடித்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சண்டைக்குப் போகாதீர்கள். "அடிக்கற அன்னிக்குச் சித்தே முன்னால ஒரு போன் பண்ணுங்க, சாயங்காலமா அடிச்சாப் பூச்சி கூட்டுக்குத் திரும்பியிருக்கும்" என்று என் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு பாட்டில் தேன் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இப்போது பொழுதோடதான் அடிக்கிறார். பகலில் அடித்தே ஆக வேண்டும் என்றால், முந்தின ராத்திரி வாசலைக் காற்றுப் போகிற வலையால் அடைத்து, பெட்டி மேல் ஈரச் சாக்கு போடுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திறந்துவிடுங்கள்.

இன்னொருவர் பெட்டியைக் களத்திலிருந்து கிணற்றடிக்கு மாற்றினாராம், சுமார் ஐம்பது அடி. மறுநாள் வெளியே போன ஈயெல்லாம் பழைய இடத்திலேயே வந்து சுற்றுகின்றன என்கிறார். சுற்றத்தான் செய்யும், அது இடத்தை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கும். ராத்திரி பெட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு, நாளைக்கு ஓரடி, இரண்டடியாக நகர்த்திக்கொண்டு போங்கள். ஒரு மாசம் ஆகும்.