நத்தாருக்குக் கறுவா–மாதுளை ஸ்பார்க்ளிங் வைன்: பொங்கி வழியாமல் கலப்பது எப்படி?

முதலில் போத்தல். இலங்கையில் உந்துவப் போயாவுக்கும் (டிசம்பர் முழுநிலா நாள்) டிசம்பர் 25க்கும் வைன் ஸ்டோர்ஸ் பூட்டு. முன்னரே வாங்கி வையுங்கள். லேபிளில் ‘புரூட்’ (இனிப்புக் குறைந்த வகை) என்று இருக்கவேண்டும். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் இனிப்பே இராது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள்; உண்மையில் அது புரூட்டை விட இனிப்பு. இத்தாலியின் புரொசெக்கோ, ஸ்பெயினின் காவா எதுவானாலும் சரி. ஷாம்பெயின் வாங்கி அதற்குள் பாணி ஊற்றுவது காசுக்குக் கேடு.

பாணிக்குச் சீனி 200 கிராம், தண்ணீர் 200 மி.லீ., கறுவாப்பட்டை இரண்டு துண்டு, கராம்பு 4, தட்டிய இஞ்சி கொஞ்சம். சீனி கரைந்தபின் மெல்லிய நெருப்பில் 10 நிமிடம். கராம்பைக் கூட்டினால் பல்வலி மருந்து மணக்கும். கறுவாத் தூள் வேண்டவே வேண்டாம், கொழகொழத்துவிடும். ஆறியதும் துணியில் வடியுங்கள். தேத்தண்ணி வடி போதாது. மாதுளைச் சாற்றையும் அப்படியே. மிதக்கும் சக்கைத் துணுக்கு ஒவ்வொன்றிலும் வாயு பிடித்துக் குமிழியாகும். ஊற்றிய உடனே நுரை மேசைக்கு வரும்.

பொங்குவதற்கு மற்றக் காரணம் சூடு. கொழும்பில் டிசம்பரிலும் பகலில் 30 பாகை. வைன் மட்டும் குளிர்ந்து, பாணியும் கிளாஸும் அறைச் சூட்டில் இருந்தால், தொட்ட இடத்திலேயே வாயு கழன்றுவிடும். எல்லாவற்றையும் பிரிட்ஜில் குறைந்தது 3 மணித்தியாலம் வையுங்கள். அவசரமென்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டுப் போத்தலைக் கழுத்துவரை அமிழ்த்தினால் அரை மணித்தியாலம் போதும். வெறும் ஐஸ் அவ்வளவு வேகமாகக் குளிர்த்தாது, தண்ணீர் கட்டாயம். பிரீசரில் வைத்து மறந்தால் போத்தல் வெடிக்கும்.

திறக்கும்போது தக்கையின் மேல் பெருவிரல் இருக்கட்டும். கம்பியை 6 அரைச்சுற்றுத் தளர்த்தி, போத்தலைச் சரித்து, தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். ஆட்களை நோக்கிப் பிடிக்கவேண்டாம்.

கிளாஸில் முதலில் பாணி 1 மேசைக்கரண்டி, மாதுளைச் சாறு 2 மேசைக்கரண்டி. விரும்பினால் தென்னஞ்சாராயம் 15 மி.லீ.; பிராந்தியை விட இந்தப் பாணிக்கு அதுதான் பொருத்தம். கிளாஸைச் சரித்து வைனை இரண்டு விரல் உயரம் ஊற்றி, நுரை அடங்க விட்டு, பிறகு நிரப்புங்கள், வைன் மட்டும் மொத்தம் ஏறத்தாழ 120 மி.லீ. ஒரு போத்தல் 6 கிளாஸுக்கு வரும். பாணி அடியில் கிடக்கும். நீளக்கரண்டியை அடிவரை இறக்கி ஒருமுறை மெல்லத் தூக்கினால் போதும். கலக்கினால் குமிழி போய்விடும். கடைசியாகத் தோடம்பழத் தோல் ஒரு கீற்று, வெள்ளைப் பகுதி இல்லாமல், மேலே பிழிந்து போடுங்கள்.

பின்சேர்க்கை: மிச்ச வைனுக்குள் கரண்டியைச் செருகி வைப்பதால் பயனில்லை. இறுக்கும் பிளாஸ்டிக் மூடி போட்டு, அடுத்த நாளே முடியுங்கள்.

21 வயதுக்குக் கீழானவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் சோடாவும் இஞ்சி பியரும் சரிபாதி, மாதுளைச் சாறு, கொஞ்சம் தேசிப்புளி. இஞ்சி பியரிலேயே இனிப்பு இருப்பதால் பாணியைப் பாதியாகக் குறையுங்கள்.