‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று சொல்வதற்கு முன்

மும்பை தாராவியில் உள்ளேயே கழிப்பறை இல்லாத கோலிகள், அதாவது ஒற்றை அறை வீடுகள், இன்னும் ஏராளம். அங்கே குடியிருக்கும் நம்மூர்ப் பெண்கள் நீர்க்கடுப்பு என்று போனால், டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து ‘நிறைய தண்ணி குடிங்க’ என்பார். தலையாட்டிவிட்டு வருவார்கள், குடிக்க மாட்டார்கள். குடித்தால் ராத்திரியில் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். சந்தில் விளக்கு எரியாது, மூலையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு சொம்பைத் தொடுவதே இல்லை. கொஞ்ச நாளில் திரும்பவும் அதே கடுப்பு, அதே மாத்திரை. ‘சொன்னா எங்க கேக்குறா’ என்று வீட்டில் ஏச்சு வேறு.

நோயாளியின் அலட்சியம் என்று சட்டென முடிவு கட்டுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. உடம்போடு மனசையும் சுற்றியுள்ள வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் புரியும் என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கெல் 1977-லேயே எழுதினார். நம் வீடுகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

டிபி விஷயத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மருந்து இலவசம், சாதாரண டிபிக்குப் பொதுவாக 6 மாதம் சாப்பிட்டால் போதும். பிறகு ஏன் நடுவில் நிறுத்துகிறார்கள்? பீஸ் கணக்கில் தோல் பை தைக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. மாத்திரை போட்டால் குமட்டல், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. சேட்டுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். கொஞ்ச வாரத்தில் இருமல் அடங்கியதும், ‘அதான் சரியாயிடுச்சே’ என்று தோன்றும். அந்த நேரம் பார்த்து திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைத் திருவிழா. மாமனார் வீட்டில் எல்லோர் முன்னாலும் மாத்திரைப் பட்டையை எடுக்கக் கூச்சப்பட்டு மும்பையிலேயே வைத்துவிட்டுப் போவார். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமிக்கு மருந்து கேட்காமல் போகும். மருந்துக்கு அடங்காத டிபி மும்பையின் பழைய தலைவலி.

ஊருக்குப் போவதாக மருந்து தருகிற இடத்தில் முன்கூட்டியே சொன்னால், போகிற நாட்களுக்கான மருந்துக்கோ ஊர் ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளவோ வழி செய்வார்கள். சத்துணவுக்காக அரசு 2018 முதல் தந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள். டிபி காற்றில் பரவுவது. தட்டைப் பிரித்தால் அந்த மனிதர் மனசொடிந்து மாத்திரையையும் விட்டுவிடுவார். திறக்க வேண்டியது ஜன்னலை.

‘பெரிய ஆபீசருக்குத்தான் பிரஷரும் ஹார்ட் அட்டாக்கும், நமக்கென்ன’ என்பதும் தப்புக் கணக்கு. லண்டன் அரசு அலுவலகங்களில் ஆண் ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் குழு 1978-ல் வெளியிட்ட ஆய்வில், மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது சுமார் 3.6 மடங்கு இருந்தது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் முழுதாகப் போகவில்லை. தன் வேலையில் தனக்கே பிடி இல்லாத நிலை இதில் ஒரு காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. விடிவதற்கு வெகு முன்பே எழுந்து மாவு ஊற்றும் இட்லிக்காரருக்கு இது புதுச்செய்தியாக இருக்காது.

சரி, அப்படியானால் எல்லாவற்றுக்கும் மனசுதான் காரணமா? அதுவும் ஆபத்து. கவலையாலும் காரத்தாலும்தான் அல்சர் வருகிறது என்று டாக்டர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். 1982-ல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான அல்சருக்கு அதுதான் காரணம் என்று தெரிந்தது. 2005-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்றைக்கும் நம் வீடுகளில் ‘கவலைப்பட்டு அல்சர் வந்துடுச்சு’தான். இதைவிட மோசம், ஒரு பெண் நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் ‘மருமகளோட சண்டை, டென்ஷன்’ என்று சோடா வாங்கிக் கொடுப்பது. பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் தாடை வலியாகவும் முதுகு வலியாகவும் வெறும் அசதியாகவும் வரும். முதலில் ஈசிஜி, டென்ஷனைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ரிப்போர்ட் நார்மல் என்றால் ‘நடிக்கிறா’ என்று அர்த்தமில்லை. மனச்சோர்வு உடம்பு வலியாகவே வந்து நிற்பதுண்டு, அந்த வலி நிஜம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. இந்தி, மராத்தி வராத அம்மாவுக்கோ மனைவிக்கோ ஆஸ்பத்திரியில் யார் பேசுகிறார்கள்? பெரும்பாலும் புருஷன், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளை. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிப்பதால் தூக்கம் வரவில்லை என்பதை அவரை வைத்தே எப்படிச் சொல்வாள்? ‘தலைவலி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். முடிந்தால் நம்பிக்கையான பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துப் போங்கள். நேரில் போக வழியில்லை என்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். ராப்பகலாக எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.