துருவப் பனி வரைபடத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள் பனியை நேரடியாக அளப்பதில்லை. பனியிலிருந்து வரும் நுண்ணலையையோ, பனி திருப்பி அனுப்பும் சூரிய ஒளியையோதான் அளக்கிறது. அதைப் பனிப்பரப்பாக மாற்றித் தருவது கணக்கீடு. ஆகவே வரைபடத்தில் கோடு இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருவியை.

2009 தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம் ஆர்க்டிக் கடற்பனியின் பரப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. அப்போது பயன்பாட்டில் இருந்த எஃப்-15 செயற்கைக்கோளின் நுண்ணலை உணரி, ஜனவரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகிக்கொண்டிருந்தது. பனி மூடிய கடல் திறந்த கடலாகப் பதிவானது. பிப்ரவரி நடுவில், குழம்பிப்போன வாசகர்களின் மின்னஞ்சல்கள் வந்து குவிந்தபோதுதான் சிக்கலின் அளவு தெரிந்தது. அதற்குள் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது. 2016 ஏப்ரலில் எஃப்-17 என்ற செயற்கைக்கோளின் உணரியில் 37 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒன்று பழுதானபோது எண்கள் அபத்தமாகத் தாவின, விரைவிலேயே பிடிபட்டது. தடாலென்று கெடும் கருவியைவிட, மெல்லப் பிசகும் கருவியே ஆபத்தானது.

அடுத்த தவறு, 1978 முதல் நீளும் கோட்டை ஒரே கருவியின் பதிவாக எண்ணுவது. அது நிம்பஸ்-7 தொடங்கிப் பல செயற்கைக்கோள்களின் ஒட்டுவேலை. பழைய உணரியும் புதியதும் சேர்ந்து இயங்கும் சில வாரத் தரவை வைத்தே ஒன்றை மற்றொன்றோடு பொருத்துகிறார்கள். 1991 டிசம்பரில் நடந்த அப்படியொரு மாற்றத்தைக் கணக்கீட்டின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறாகக் கையாண்டிருந்தன. அன்டார்க்டிக் கடற்பனி எவ்வளவு வேகமாகப் பெருகியது என்பதற்கு இரண்டும் வேறு விடை தந்ததற்கு அந்த ஒட்டே பெருங்காரணம் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. கோட்டில் படி போன்ற தாவல் தெரிந்தால், கருவி மாறிய தேதியை உடனே தேடுங்கள்.

ஒளியை அளக்கும் உணரிகளுக்கு மூப்பு வேறு வகையில் வருகிறது. டெரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவியில் அளவுத்திருத்தத்துக்கென்றே சூரிய ஒளியைச் சிதறடிக்கும் தகடு உண்டு. அந்தத் தகடே வெயிலில் மங்குகிறது. எனவே நிலவைப் பார்த்தும் சரிபார்க்கிறார்கள். இத்தனைக்கும் பிறகும், கிரீன்லாந்தின் உயர்ந்த, உலர்ந்த பனிப்பகுதி ஆண்டுக்கு ஆண்டு கறுத்து வருவதாக மோடிஸ் தரவின் பழைய தொகுப்பு காட்டியது. திருத்திய ஆறாம் தொகுப்பில் அந்தக் கருமையின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. இதைப் பிடித்துக்கொண்டு "உருகுவதே பொய்" என்று கிளம்புவது இன்னும் பெரிய தவறு. கிரீன்லாந்தின் ஓரங்களில் பனி உருகுவதையும் மொத்த நிறை குறைவதையும் பனிமட்டத்தின் உயரத்தை அளக்கும் உயரமானிகளும் ஈர்ப்புவிசையை அளக்கும் செயற்கைக்கோள்களும் தனித்தனியே அளந்திருக்கின்றன.

சில்லறைத் தவறுகளும் உண்டு. கோடையில் பனிமேல் தேங்கும் உருகுநீர், நுண்ணலை உணரிக்குத் திறந்த கடலாகவே தெரியும். குறைந்தது 15 சதவீதம் பனி இருக்கும் வரைபடக் கட்டத்தை முழுதாக எண்ணுவது 'பரப்பெல்லை'. கட்டத்துக்குள் இருக்கும் பனியை மட்டும் கூட்டுவது 'பரப்பளவு'. இரண்டையும் ஒப்பிடுவது வீண்வேலை.

நாள்தோறும் வெளியாகும் எண் தற்காலிகமானது. சரிபார்த்த தரவு பின்னால் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்ப்பவர்கள், எந்தத் தேதியோடு சரிபார்த்த தரவு முடிகிறது என்பதையாவது குறிப்பிட வேண்டும்.